தாடைக்குக் கிளிப் மட்டும் போதுமா, ஆபரேஷன் வேணுமா: மூன்று வழிகளின் ஒப்பீடு

எத்துப்பல்லோ, முன்னே துருத்தி நிற்கும் கீழ்த்தாடையோ உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரையில் மூன்று பல் டாக்டரைப் பார்த்தால் மூன்று பதில் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒருவர் ரெண்டு பல்லைப் பிடுங்கிட்டு கிளிப் போட்டால் போதும் என்பார். அடுத்தவர் ஒன்றரை வருஷம் கிளிப், அப்புறம் ஆபரேஷன், அதுக்கப்புறமும் கொஞ்சம் கிளிப் என்பார். மூன்றாமவர் முதலில் ஆபரேஷனை முடிச்சிருவோம், பல்லைப் பிறகு பார்த்துக்கலாம் என்பார். மூவரும் சொல்வது நடைமுறையில் உள்ள வைத்தியம்தான். ஆனால் பத்து வருஷம் கழித்து முகமும் கடியும் (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம்) எப்படி இருக்கும் என்பது மூன்றிலும் வேறுவேறு, அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். எனக்குக் கீழ்த்தாடை முன்னே நின்ற கேஸ், இரண்டாவது வழியில் போய் இரண்டு தாடையிலும் ஆபரேஷன் ஆகிச் சில வருஷம் ஓடிவிட்டது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

எந்த வழி என்று பேசுவதற்கு முன்னால், கோளாறு பல்லிலா எலும்பிலா என்று தெரிய வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செபலோகிராம் எக்ஸ்ரேயில் கோணங்களை அளந்தால்தான் மேல்தாடை பின்னால் இருக்கிறதா, கீழ்த்தாடை முன்னால் இருக்கிறதா, இரண்டும் சேர்ந்ததா, அல்லது எலும்பு சரியாக இருந்து பல் மட்டும் சாய்ந்திருக்கிறதா என்பது பிடிபடும். கீழ்த்தாடை நீளம் என்று ஊரே சொல்லும் பல பேருக்கு உண்மையில் மேல்தாடைதான் வளராமல் பின்தங்கியிருக்கும். நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்தால் தாடை மாறும் என்று சுற்றும் வீடியோக்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, வளர்ச்சி முடிந்த ஆளுக்கு அதனால் எலும்பு நகராது.

முதல் வழி கிளிப் மட்டும். எலும்பு இருக்கிற இடத்திலேயே இருக்கும், பற்களைச் சாய்த்துக் கடியை ஒப்பேற்றுவார்கள். மேல்பல் முன்னே நின்றால் மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து முன்பற்களை உள்ளே இழுப்பார்கள், கீழ்ப்பல் முன்னே நின்றால் கீழே இரண்டு. ஒன்றரை, இரண்டு வருஷத்தில் முடியும், மயக்க மருந்து கிடையாது, செலவும் குறைவு. வித்தியாசம் லேசாக இருந்து, உதடு சிரமமில்லாமல் மூடி, முகத்தைப் பற்றி ஆளுக்குப் பெரிய மனக்குறை இல்லை என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கத்தியே வேண்டாம். எலும்பு வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது இதே வழியில் இழுத்துப் பிடித்தால்தான் தொல்லை. கீழ் முன்பற்களைத் தாங்கும் எலும்பு மெல்லியது, பல்லை அதன் ஓரத்துக்குத் தள்ளினால் ஈறு இறங்கும், வேர் குட்டையாகும். கடி பொருந்திவிடும், ஆனால் பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் தாடை அப்படியேதான் நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது. கிளிப் மட்டும் போடும் வழியும் ஆபரேஷன் வழியும் பல்லை எதிரெதிர்த் திசையில் நகர்த்துகின்றன. கீழ்த்தாடை முன்னே உள்ள கேஸில், கிளிப்போடு முடிப்பதென்றால் கீழ்ப்பல்லை எடுத்து உள்ளே இழுப்பார்கள். ஆபரேஷனுக்குத் தயார் செய்வதென்றால், எடுக்கத் தேவைப்பட்டால் பெரும்பாலும் மேல்பல்லை எடுப்பார்கள், கீழ்ப்பல்லை முன்னே நிமிர்த்துவார்கள். முதலில் கிளிப் போட்டுப் பார்ப்போம், சரியாகாட்டி ஆபரேஷன் என்ற பேச்சு கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு வழியில் பாதி தூரம் போனவர் இன்னொன்றுக்கு மாறினால், மூடிய இடைவெளியைத் திரும்பத் திறந்து, சாய்த்த பல்லை நிமிர்த்தி, எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். அதனால் முதல் பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே கிளிப் போடும் ஆர்த்தோடான்டிஸ்டும் தாடை ஆபரேஷன் செய்யும் சர்ஜனும் ஒன்றாக உட்கார்ந்து உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்திருக்க வேண்டும். அதைக் கேட்டுவாங்குவதில் கூச்சப்படாதீர்கள்.

இரண்டாவது வழி, கிளிப், ஆபரேஷன், மறுபடி கிளிப். ஆபரேஷனுக்கு முன் 12 முதல் 18 மாதம், பின்னால் 6 முதல் 12 மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள், மொத்தத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வருஷம். முன்னால் இவ்வளவு காலம் எதற்கு? தாடை கோணலாக வளரும்போது பற்கள் தாமாகவே சாய்ந்து அந்தக் கோணலை மறைக்கப் பார்க்கும், கீழ்த்தாடை முன்னே நின்றால் கீழ்ப்பல் உள்ளே, மேல்பல் வெளியே. அந்தச் சாய்வோடு எலும்பை நகர்த்தினால் தாடை சேர வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் பல்லும் பல்லும் முட்டிக்கொள்ளும். அதனால் முதலில் பல்லை அதன் சொந்த எலும்பின் மேல் நேராக நிறுத்துகிறார்கள். விளைவு, மறைந்திருந்த கோணல் முழுசாக வெளியே வரும். ஆபரேஷனுக்கு முந்தைய மாதங்களில் முகம் இன்னும் மோசமாகத் தெரிவது இதனால்தான்.

எங்கள் அப்பத்தா திருமங்கலத்திலிருந்து வந்தவர், என் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏன்டா, காசையும் குடுத்து இருந்த மூஞ்சியவும் கெடுத்துக்கிட்டு வந்திருக்கியே, அந்த டாக்டரு படிச்சவருதானா?” என்றார். “அப்பத்தா, அவரு சரியாத்தான் செய்யிறாரு, இன்னும் கொஞ்ச நாள்ல பாருங்க” என்றால், “நீ சும்மா இரு, உங்கப்பன வரச் சொல்லு” என்று பதில். வீட்டில் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டத்தை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். பலர் பயந்து பாதியில் நிறுத்துவது இங்கேதான்.

மூன்றாவது, முதலில் ஆபரேஷன். கிளிப்பை ஒட்டிய சில நாளிலோ வாரத்திலோ எலும்பை நகர்த்திவிட்டு, பல்லைப் பிறகு ஒழுங்குபடுத்துவது. 2009-இல் ஜப்பானிய டாக்டர்கள் இந்த முறையில் செய்த கேஸை வெளியிட்டபின் ஆசியாவில் நன்றாகப் பரவியது. முகம் கெட்டுப்போகும் அந்த நீண்ட இடைக்காலம் இதில் கிடையாது. எலும்பு வெட்டுப்பட்டு ஆறும் முதல் சில மாதங்களில் பல் வழக்கத்தைவிட வேகமாக நகரும் என்பதால் மொத்தக் காலமும் பல கேஸில் ஒன்று, ஒன்றரை வருஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. தையிலோ ஆவணியிலோ முகூர்த்தம் குறித்துவிட்டு வரும் குடும்பங்களுக்கு இது அமிர்தமாக இனிக்கும்.

ஆனால் ஆபரேஷன் மேசையில் பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத நிலையில் தாடையை நிறுத்த வேண்டும், பிற்பாடு பல் எங்கே வந்து நிற்கும் என்பதைக் கணக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பல் நெருக்கடி அதிகமில்லாமல், பல் சாய்வு குறைவாக, மூன்று இடத்திலாவது மேலும் கீழும் ஊன்றி நிற்கும் கடி கிடைத்தால் சரி. நெருக்கடி அதிகம், இரண்டு வரிசையின் அகலமும் பொருந்தவில்லை, முகம் ஒரு பக்கம் கோணல் என்றால் நான் இந்தப் பக்கம் போக மாட்டேன். சர்ஜன் இந்த முறையில் எத்தனை கேஸ் செய்திருக்கிறார் என்பதும் இங்கே மற்ற இரண்டைவிட முக்கியம். கல்யாணத் தேதிக்காக வைத்தியத்தைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கல்யாணத்தைத் தள்ளிவைப்பது மேல் என்பது என் கருத்து, சொந்தக்காரர்கள் திட்டட்டும்.

மோவாயை மட்டும் வெட்டி முன்னே நகர்த்துவது என்று நான்காவதாக ஒன்று இருக்கிறது. கடி நன்றாக இருந்து மோவாய் மட்டும் உள்ளடங்கியிருந்தால் போதுமானது, மற்றபடி அது ஒப்பனை.

தயாராவதைப் பொறுத்தவரை இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கீழ்த்தாடையில் ஆபரேஷன் என்றால் கீழ் ஞானப்பற்களை வழக்கமாக 6 மாதமாவது முன்பே எடுத்துவிடச் சொல்வார்கள், எலும்பை நீளவாக்கில் பிளக்கும் இடத்தில்தான் அவை உட்கார்ந்திருக்கும். மூன்றாவது வழியில் அவசரப்படுபவர்களுக்கு இந்த ஆறு மாதமே கணக்கைக் கெடுப்பதுண்டு. வளர்ச்சி முடிந்திருக்க வேண்டும். பெண்களுக்குச் சுமார் 16, 17 வயது, ஆண்களுக்கு 18-க்கு மேலே, கீழ்த்தாடை முன்னே உள்ள பையன்களுக்கு 20, 21 வரைகூட ஆகலாம். இடைவெளி விட்டு எடுத்த இரண்டு செபலோகிராமில் மாற்றமில்லை என்று காட்டாமல் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள். வளரும் தாடையைப் பின்னால் தள்ளினால் அது மறுபடி முன்னே வரும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மாதக்கணக்கில் முன்பே ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், சிகரெட்டை நிறுத்த வேண்டும், ஈறில் ரத்தக்கசிவு இருக்கக் கூடாது.

ஆபரேஷன் வாய்க்குள்ளேயே நடக்கும், வெளியே பெரிய தழும்பு இருக்காது. டைட்டானியம் தகடும் திருகும் வந்தபின், முன்காலம் போல ஆறு வாரம் கம்பியால் வாயைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் இல்லை, ரப்பர் பேண்டுதான். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்தில் வடியும், மிச்சம் மாதக்கணக்கில். மேல்தாடையிலும் கைவைத்திருந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும், சிந்தக் கூடாது என்பார்கள். முதலில் எல்லாமே தண்ணி ஆகாரம். கேப்பைக் கூழ், பருப்புத் தண்ணி, வடிகட்டிய ஆட்டுக்கால் சூப். சாயங்காலம் தள்ளுவண்டியில் கிடைக்கும் பருத்திப்பாலை வாங்கி, தேங்காய்த் துருவல் தொண்டைக்குப் போகாமல் வடிகட்டி, ஆறவைத்துக் குடித்தால் தெம்பாக இருக்கும். ஆறவைத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். கீழுதடு மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாமல் சுட்டுக்கொள்வோம். சோறு சாப்பிடத் தொடங்கியபின்னும் சாம்பார் உதட்டோரம் வழிந்து மோவாயில் சொட்டுவது எனக்குத் தெரியவே தெரியாது, எதிரே இருப்பவர் கையைக் காட்டினால்தான் துடைப்பேன். அந்த மாதங்களில் கடைக்குப் போய்ச் சாப்பிடுவதையே விட்டிருந்தேன். பரோட்டா, முறுக்கு எல்லாம் வெகுநாள் கழித்து.

அந்த மரப்பிலிருந்தே நீண்டகாலக் கணக்கு தொடங்குகிறது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் உணர்வு நரம்பு பிளவின் பக்கத்திலேயே இருப்பதால் ஆரம்பத்தில் மரப்பு பெரும்பாலானவர்களுக்கு வரும். ஆறு மாதம், ஒரு வருஷத்தில் பெரும்பகுதி திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும், வயது கூடக் கூட மிஞ்சும் வாய்ப்பும் கூடும். எனக்கு மோவாயின் இடப்பக்கம் கைக்குட்டையால் தொட்டால் வலப்பக்கம் போல இல்லை, அதோடு பழகிவிட்டேன். கிளிப் மட்டும் போட்டவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. முதல் வழிக்குச் சாதகமான பெரிய வாதம் இதுதான், ஆபரேஷன் பக்கத்து ஆட்கள் இதை வேகமாகத் தாண்டிப் போவார்கள்.

பழைய இடத்துக்கே திரும்புமா என்பது அடுத்தது. எல்லா நகர்த்தலும் ஒரே மாதிரி நிலைக்காது. மேல்தாடையை மேலே ஏற்றுவது மிக நன்றாக நிலைக்கும். கீழ்த்தாடையை அளவாக முன்னே கொண்டுவருவதும் நன்றாக நிலைக்கும். கீழ்த்தாடையை மட்டும் பின்னே தள்ளுவதும், மேல்தாடையைக் கீழே இறக்குவதும் அந்த அளவுக்கு நம்பிக்கையில்லை, மேல்தாடையை அகலப்படுத்துவது வரிசையில் கடைசி. கீழ்த்தாடையை நிறையப் பின்னே தள்ளினால் தொண்டைக்குப் பின்னுள்ள மூச்சுவழியும் குறுகும், ஏற்கெனவே குறட்டைவிடும் ஆளுக்கு அது நல்லதல்ல. என்னைப் போன்ற கேஸில் ஒரே தாடையில் முடிக்காமல் மேலதைக் கொஞ்சம் முன்னே, கீழதைக் கொஞ்சம் பின்னே என்று பங்கிடுவது இந்த இரண்டு காரணத்துக்காகவும்தான். இளம்பெண்களில் சிலருக்கு, குறிப்பாகச் சிறிய கீழ்த்தாடையை நிறைய முன்னே இழுத்தவர்களில், காதுக்கு முன்னுள்ள மூட்டு முனை மெல்லக் கரைந்து கடி திறந்துகொள்வதும் உண்டு. முன்பே மூட்டில் வலியோ சத்தமோ இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மேல்தாடை முன்னே வந்தால் மூக்கின் அடி கொஞ்சம் அகலும், அதைக் கட்டுப்படுத்தத் தையல் போடுவார்கள். நகர்த்திய பல் திரும்பிவிடாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் மூன்று வழிக்கும் பொது, அதுவும் வருஷக்கணக்கில்.

எங்கே செய்வது? தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லும் தொகையில் தகடு, திருகு, மயக்க மருந்து, ஐசியூ எல்லாம் உண்டா என்று பிரித்துக் கேளுங்கள், கிளிப் செலவு தனி. கீழவெளி வீதி சிஎஸ்ஐ போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் பொதுவாகச் செலவு குறையும், நேரம் கூடும். முதுகலை மாணவர் கையில் கேஸ் போகும் இடமென்றால் அவர் எத்தனையாவது வருஷம் என்று விசாரியுங்கள். எம்டிஎஸ் படிப்பு மூன்று வருஷம், கடைசி வருஷத்தில் இருப்பவரிடம் இரண்டரை வருஷ வைத்தியத்தைத் தொடங்கினால் பாதியில் வேறு கைக்கு மாறும். மேலூர், உசிலம்பட்டி மாதிரி ஊரிலிருந்து மாதாமாதம் வர வேண்டியவர்கள், கிளிப் முறுக்குபவர் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் இருக்கட்டும், சர்ஜன் தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுக்கலாம், இருவரும் பேசிக்கொள்பவர்களாக இருந்தால்.

காப்பீட்டில் அழகுக்கான அறுவை என்று ஒதுக்கிவிடும் விதி பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். விபத்துக்குப் பிந்தைய சீரமைப்பு, உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் சிகிச்சை போன்றவற்றுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. மெல்ல முடியாமை, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவை உண்மையிலேயே இருந்தால் அளவுகளோடு டாக்டரிடம் கடிதமாக வாங்கி, அட்மிட் ஆவதற்கு முன்பே கம்பெனிக்கு அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.