விளக்கம் அருமை, விடைப் பக்கங்களை நம்ப முடியாது: ஒரு கணித வழிகாட்டி நூல்

மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறாள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள கடையொன்றில் அவளுக்குக் கணித வழிகாட்டி வாங்கிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. விளக்கங்கள் உண்மையிலேயே நல்லம். கேத்திரகணிதத் தேற்றங்களைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லியிருக்கும் விதம் ரியூசன் கொப்பியைவிடத் தெளிவு. அதனால்தான் அச்சுப்பிழைகளைப் பார்க்க வயிறு எரிகிறது.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, "அப்பா, எனக்குக் கணக்கு வரவே வராது" என்று கண் கலங்க வந்து நின்றாள். கணக்கு இதுதான்: எக்ஸ் வர்க்கம் + 5எக்ஸ் + 6 = 0. அவள் காரணிப்படுத்தி −2, −3 என்று எடுத்திருக்கிறாள், புத்தகத்தில் விடை 2, 3. ஒரு மணித்தியாலமாக அதையே அழித்து அழித்துச் செய்ததில் தாள் கிழிந்துவிட்டது. பிழை அவளில் இல்லை, −5எக்ஸ் என்று வர வேண்டிய இடத்தில் + விழுந்திருக்கிறது. புத்தகத்தின் விடை 2ஐ அதே சமன்பாட்டில் போட்டுப் பார் என்றேன், 4 + 10 + 6, எப்படி 0 வரும்? அப்போதுதான் முகம் தெளிந்தது.

அப்புறம் இருவரும் இருந்து முழுவதும் பார்த்தோம். ஆரை 7, உயரம் 24 உள்ள கூம்பின் கனவளவு 1232 வர வேண்டும், 1322 என்று இருக்கிறது. ஒருங்கமை சமன்பாட்டில் "2ஒ + 3ல = 12" என்று ஒரு வரி! பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்களுக்கு உடனே விளங்கும், அதில் எக்ஸ் விசையைத் தட்டினால் ஒ, வை விசையைத் தட்டினால் ல. எழுத்துருவை மாற்ற மறந்திருக்கிறார்கள், அச்சுக்குப் போகுமுன் ஒருவராவது வாசித்திருந்தால் கண்ணில் குத்தியிருக்கும். சுட்டிகள் கீழே இறங்கி 2இன் அடுக்கு 3 என்பது 23 ஆகிப்போன இடங்களும் உண்டு.

பிழைகளை ஒரு தாளில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி பொறுமையாகக் கேட்டார், பதிப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்தும் அனுப்பினார். அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்று பதில் வந்தது. சரி, இந்தப் பதிப்பை வைத்துப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வது? ஒரு பக்கத் திருத்தத் தாளை அச்சடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட எவ்வளவு செலவாகும்? இதை அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

இப்போதைக்கு நாங்கள் சிவப்புப் பேனையால் திருத்திப் பாவிக்கிறோம். சந்தேகம் வந்தால் பள்ளியில் இலவசமாகத் தரும் அரசாங்கப் பாடநூலோடு ஒப்பிடுகிறோம். வாங்குகிறவர்கள் விளக்கத்துக்காக வாங்குங்கள், ஆனால் பிள்ளையின் கையில் கொடுக்குமுன் விடைப் பக்கங்களை ரீச்சர் ஒருவரிடம் காட்டுங்கள். ஐந்துக்கு மூன்று தருகிறேன். திருத்தத் தாள் வந்தால் இன்னொன்று கூட்டுவேன்.