கவாத்துக் கத்தியா, கரம்பிட்டா? தீட்டும்போதுதான் தெரியும்

மூன்று ஆண்டுகளாக என்னிடம் இரண்டு வளைகத்திகள் இருக்கின்றன. ஒன்று மடக்குக் கரம்பிட், பிடியில் விரல் நுழைக்கும் வளையம் உள்ள கத்தி. மற்றொன்று செடிகொடிகளின் கிளை கழிக்கும், மரப்பிடி போட்ட மடக்குக் கவாத்துக் கத்தி. முதலில் ஆசைப்பட்டு வாங்கியது கரம்பிட்தான். இன்று கை தானாகத் தேடிப்போவது கவாத்துக் கத்தியை. இந்த மாற்றத்துக்குக் காரணம் வெட்டும் திறன் அல்ல. இரண்டுமே நன்றாக வெட்டும். மழுங்கிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் இரண்டும் பிரிந்துபோகின்றன.

வளைகத்தியில் வளைவு இரண்டு விதம். வெளிப்பக்கமாக வயிறு தள்ளிய அலகு தோலுரிக்கவும் அரியவும் ஏற்றது. அதை இங்கே விட்டுவிடுகிறேன். நான் பேசுவது கிளிமூக்குப் போல வாய், அதாவது கூர் உள்ள பக்கம், உட்புறமாக வளைந்த அலகைப் பற்றி. நேர்க் கத்தியால் கயிற்றை இழுத்து அறுத்தால், கயிறு நுனியை நோக்கி வழுக்கி ஓடிவிடும். உள்வளைவில் அது ஓட இடமில்லை. இழுக்க இழுக்கக் கயிறு வளைவுக்குள்ளேயே அடங்கி, அறுபட்டே வெளியே வரும். கொடி, சிம்பு, கேபிள் உறை, தரைவிரிப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பலகையில் வைத்து அரிவதற்கு மட்டும் இது உதவாது. நுனியும் அடியும் பலகையில் முட்டும், நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும்.

கரம்பிட்டின் அடையாளம் பிடியின் முனையில் உள்ள வளையம். இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவைச் சேர்ந்த மினாங்கபாவ் மக்களோடு சேர்த்துச் சொல்லப்படும் கத்தி இது. வயல்வேலைக் கருவியாக இருந்து சிலாட் சண்டைக் கலைக்குள் போனது என்பார்கள். ஆள்காட்டி விரலை வளையத்தில் நுழைத்து, அலகு சுண்டுவிரல் பக்கம் வருமாறு பிடிப்பது அதன் முறை. ஈரக் கையிலும் நழுவாது. ஏணியில் நின்றுகொண்டு, கத்தியை விடாமலே விரல்களை விரித்துக் கிளையைப் பற்ற முடிந்தது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. ஆனால் தடித்த கையுறை போட்டால் விரல் வளையத்துக்குள் போகவில்லை. சட்டைப்பையிலும் அந்த வளையம் துருத்திக்கொண்டே இருக்கும். தற்காப்புக்கு அது எப்படி என்று நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் அதை வேலைக்கு மட்டுமே எடுத்தவன்.

இனி தீட்டும் விஷயம். தட்டையான சாணைக்கல்லில் உள்வளைந்த வாயை வைத்துப் பாருங்கள். கல் இரண்டு முனைகளை மட்டும்தான் தொடும். இது புரியாமல் கரம்பிட்டை நான் தட்டைக் கல்லில் பல வாரம் தேய்த்தேன். உண்மையில் வேலை செய்யும் வளைவின் குழி அப்படியே மொண்ணையாகக் கிடக்க, நுனி மட்டும் தேய்ந்து உருண்டுபோனது. கிளிமூக்குக் கத்தியில் நுனி போனால் பாதிக் கத்தி போனது மாதிரி. பொருளை முதலில் கிழித்து உள்ளே இறங்குவது அந்த நுனிதான்.

உள்வளைவுக்கு உருண்டையான சாணைதான் வேண்டும். பீங்கான் தீட்டுகோல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உருளைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் போதும். தாளின் சொரசொரப்பு எண்ணில் நான் 400-இல் தொடங்கி 800, பிறகு 1500 என்று மென்மையான தாளுக்குப் போகிறேன். கட்டையின் வளைவு கத்தியின் வளைவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் குழியில் இறங்காது. என் கவாத்துக் கத்தி அகலமான, மெதுவான வளைவு. கட்டைவிரல் பருமனுள்ள கட்டையே அதற்குப் பொருந்திவிடுகிறது. கரம்பிட்டின் வளைவோ இறுக்கமானது. பென்சில் அளவு மெல்லிய கோல் தேவைப்படுகிறது. மெல்லிய கோலில் அழுத்தம் முழுவதும் ஒரு சிறு புள்ளியில் குவியும். ஒரே இடத்தில் நான்கு இழுப்பு அதிகமானால் அங்கே பள்ளம் விழும். பிறகு வாய் முழுவதும் அலை அலையாகிவிடும். என் கரம்பிட்டில் அப்படி விழுந்த பள்ளம் இரண்டு, வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் தெரிகிறது.

இன்னும் இரண்டு பழக்கம் வேண்டும். உப்புத்தாளில் கத்தியின் முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டுமே தேய்க்க வேண்டும். எதிர்த்திசையில் போனால் கத்தி தாளை வெட்டிவிடும். நுனியைத் தாண்டிக் கட்டையை வழுக்கவிடாமல், நுனி வந்ததும் நிறுத்திக் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். கட்டைவிரலை வாயின் குறுக்காக, வெளிப்பக்கம் இழுத்துத் தடவினால் அது சொரசொரவென்று தட்டுப்படும். விரலை வாயோடு நீளவாக்கில் ஓட்டவே கூடாது. பிசிறு நுனிவரை எழும்பியதும் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் அதே கட்டையில் தோல்வாரைச் சுற்றிப் பத்து இழுப்பு. கவாத்துக் கத்திக்கு எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். கரம்பிட்டுக்கு ஒரு மணி நேரம் செலவிட்டும் மனநிறைவு வந்ததில்லை.

பராமரிப்பைக் கத்தியோடு சேர்த்தே யோசித்தவர்கள் நேபாளத்தில் குக்ரி என்ற வளைகத்தியைச் செய்தவர்கள். குக்ரி உறையோடு இரண்டு சிறு துணைக் கத்திகள் வரும். கர்தா சில்லறை வேலைக்கு. சக்மக் என்பது கூரே இல்லாதது. பெரிய கத்தியின் வாயை வருடிச் சீராக்கவும், கல்லில் தட்டித் தீப்பொறி எடுக்கவும் ஆனது. ஆனால் குக்ரி எடை முன்னால் குவிந்த, ஓங்கி வெட்டும் கத்தி. கவாத்துக் கத்தியோடு அதை நிறுத்திப் பார்ப்பது சரியல்ல. நானும் அதை இரண்டே நாள் இரவலாகப் பிடித்தவன். அந்த அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தீட்டுவதே வேண்டாம் என்பவர்களுக்குக் கொக்கி அலகு மாட்டும் கத்தி இருக்கிறது. மழுங்கினால் அலகைக் கழற்றிப் புதியது போடலாம். கூர் கொக்கியின் உட்பக்கம் மட்டும் இருப்பதால், விரிப்பை வெட்டும்போது அடியிலுள்ள தரையில் கீறல் விழாது. தரைவிரிப்பு வேலையே தொழில் என்றால் அதையே வாங்குங்கள். கொக்கிக்குள் நுழையாத தடிமனை அது தொடாது என்பதால் எனக்குச் சரிப்படவில்லை. பல் வைத்த வாயுள்ள கிளிமூக்குக் கத்தியும் கிடைக்கிறது. நார்க் கயிற்றில் அது பாய்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பல்லின் குழியையும் தனித்தனியாகத் தீட்ட வேண்டும் என்று நினைத்தாலே எனக்குக் கை பின்வாங்குகிறது.

கவாத்துக் கத்தியிலும் குறை உண்டு. என்னுடையது கார்பன் எஃகு. செடிப்பால் பட்டு ஒரு இரவு கிடந்தால் கறுக்கும். ஈரத்தோடு மடக்கினால் துரு ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். மடக்கும் மூட்டில் பிசின் ஏறினால் திறக்கவே அடம்பிடிக்கும். பிடியில் வளையம் இல்லாததால், வியர்த்த கையில் கரம்பிட் தரும் பிடிமானம் இதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நுனியால் எதையும் நெம்பக் கூடாது, ஒடிந்துவிடும். இது இரண்டுக்கும் பொது.

வாங்கப் போகும்போது, உங்களிடம் உள்ள தீட்டுகோல் பருமனுக்கு ஓர் உருளைக் கட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். உள்வளைவில் அதைக் குறுக்காக வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல உருட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது கட்டை வாயைத் தொடாமல் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றால், அந்த இடத்தை உங்களால் தீட்ட முடியாது.