பெரிய கெளுத்தியும் கண்ணாடி ஹீட்டரும்: சில வருட அனுபவம்

நண்பர் ஒருவர் ரெட் டெயில் கெளுத்திக் குஞ்சு வாங்கப் போகிறார். ஆறடித் தொட்டி இருக்கிறது, ஃபில்டர் இருக்கிறது, எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று மட்டும் கேட்டார். பதில் எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. தண்ணீர் மாற்றுவது, மீனின் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியா, நைட்ரைட் என்ற விஷங்கள் எல்லாம் இந்த மீனை வளர்க்க நினைக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும். அதை விட்டுவிட்டு ஹீட்டரைப் பற்றியே பேசுகிறேன். இத்தனை வருடத்தில் என் மீனுக்கு வந்த பெரிய கஷ்டங்கள் எல்லாம் அந்த ஒரு பொருளால் வந்தவை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் வழக்கமான கண்ணாடிக் குழாய் ஹீட்டர், 300 வாட். மேலே வெப்பநிலையைத் திருகி வைக்க ஒரு குமிழ். இரண்டாக வாங்கினேன். பெரிய தொட்டிக்கு ஒன்றையே நம்புவதைவிட இரண்டைப் பிரித்துப் போடுவது நல்லது. ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் அது ஒன்றால் தொட்டி முழுவதையும் சூடேற்றிவிட முடியாது. ஒன்று செத்துப்போனாலும் தண்ணீர் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது. 26 டிகிரிக்கு வைத்தேன். தனித் தெர்மாமீட்டரில் பார்த்தபோதெல்லாம் அரை டிகிரிக்கு மேல் மாறியதில்லை. மீன் கையளவு இருந்த காலத்தில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

ஆனால் ரெட் டெயில் கையளவில் நின்றுவிடும் மீனா? அமேசான், ஓரினோகோ ஆறுகளில் ஒரு மீட்டரைத் தாண்டி வளர்வது அது. தொட்டியிலும் முதல் வருடத்திலேயே ஓர் அடியைச் சாதாரணமாகக் கடந்துவிடும். வளர வளரப் பழக்கமும் மாறுகிறது. பெரிதான பிறகு பகலில் பெரும்பாலும் அடியிலேயே படுத்துக் கிடக்கும். படுக்க அதற்கு ஒரு சாய்மானம் வேண்டும். கட்டையோ சுவரோ குழாயோ, எது கிடைத்தாலும் உடம்பை ஒட்டிக்கொண்டு கிடக்கும். என் மீன் தேர்ந்தெடுத்தது ஹீட்டரை.

தண்ணீர் மாற்றும்போதுதான் கவனித்தேன். கறுத்த முதுகும் வெள்ளைப் பட்டையும் சேருமிடத்தில், மார்புத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், வெளிறிய ஒரு கோடு. விரல் நீளம் இருக்கும், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக இருந்தது. நோய் எதுவும் இவ்வளவு நேராக வராது. ஹீட்டர் குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அகலம் அப்படியே பொருந்தியது. அடுத்த சில நாட்களில் நடுவில் தோல் வெளுத்து உரிந்தது, ஓரங்கள் சிவந்தன, பிறகு மேலே பூஞ்சை படர்ந்தது.

கெளுத்திக்குச் செதில் கிடையாது. சூடு நேரே தோலில் இறங்குகிறது. சுட்டதும் விலகிப் போகாதா என்று பலரும் கேட்கிறார்கள். மீன் வந்து சாயும்போது ஹீட்டர் அணைந்திருக்கிறது. தண்ணீர் அரை டிகிரி குளிர்ந்ததும் அது தானாக எரியத் தொடங்குகிறது. குழாய் மெல்ல மெல்லச் சூடேறும்போது மீன் அசையாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். அதுவும் மீன் சாய்ந்திருந்தால் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓட்டம் குறைந்து அந்த இடத்தில் சூடு இன்னும் அதிகமாகத் தேங்கும்.

மருந்திலும் இதே செதில் பிரச்சினைதான். தாமிரம் கலந்தவை, மாலகைட் கிரீன் போன்றவை எல்லாம் மற்ற மீன்களுக்குப் போடும் அளவில் போட்டால் கெளுத்தி தாங்காது. நான் மருந்துப் பக்கமே போகவில்லை. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றம், விளக்கு அணைப்பு, குறைந்த தீனி. தோல் மூட வாரக்கணக்கில் ஆனது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தினமும் அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்து, ஹீட்டருக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் கூண்டு. சின்னக் கெளுத்திக்கு அது போதும், குறை சொல்லமாட்டேன். பத்துக் கிலோவை நெருங்கும் மீனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடியில் ஒட்ட வைக்கும் ரப்பர் சில மாதங்களில் இறுகிப்போய்ப் பிடிப்பை இழக்கும். மீன் ஒருமுறை உடம்பைத் திருப்பினால் கூண்டோடு ஹீட்டர் கழன்று அடியில் விழும். ரெட் டெயில் தன் வாயில் நுழையும் எதையும் விழுங்கிப் பார்க்கும் மீன். கூழாங்கல், தெர்மாமீட்டர், செயற்கைச் செடி என்று எதற்கும் விலக்கில்லை. என் மீன் அந்த ரப்பரை விழுங்கியது. நல்ல வேளையாக மறுநாள் கக்கிவிட்டது. குடலில் அடைத்திருந்தால் மீனைக் காப்பாற்றுவது கஷ்டம்.

கடைசியாக நடந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. இருட்டில் திடீரென்று அறை விளக்கைப் போட்டதும் மீன் மிரண்டு வாலை வீசியது. குழாய் சுவரில் மோதி உடைந்தது. அதே நொடியில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து மின்சாரத்தைத் துண்டித்தது. அது இல்லாமல் மீன் தொட்டிக்கு மின் இணைப்பே கொடுக்கக் கூடாது என்பேன். கையை உள்ளே விட்டுக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மீசை உரசும் தரையில் ஒரு சில்லு மிச்சம் இருந்தாலும் போதும், கிழித்துவிடும்.

ஹீட்டர் வந்த பெட்டியில் பெரிய தொட்டிகளுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறார்கள். பெரிய தொட்டி என்றதும் லிட்டர் கணக்கை மட்டும் யோசித்திருக்கிறார்கள். அத்தனை லிட்டருக்குள் எப்படிப்பட்ட மீன் இருக்கும் என்று யாராவது ஒருவர் யோசித்திருந்தால், கண்ணாடிக் குழாயையும் ஒட்டு ரப்பரையும் வைத்து அந்த வாசகத்தை அச்சடித்திருக்க முடியாது.

இப்போது ஹீட்டர் சம்ப்பில் இருக்கிறது. தொட்டியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் கீழே உள்ள தனித் தொட்டிக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் வழியாக மேலே திரும்புகிறது. ஹீட்டர் அந்தக் கீழ்த் தொட்டியில் என்பதால் மீனின் உடம்பு அதைத் தொடவே வழியில்லை. கண்ணாடிக்குப் பதில் டைட்டானியம் ஹீட்டர், வெளியே தனிக் கன்ட்ரோலர். அதன் சென்சாரை மட்டும் மேல்தொட்டியில், மீன் எட்டாத தடுப்புக்குப் பின்னால் வைத்தேன். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே குழாய்களால் இணைக்கும் மூடிய ஃபில்டர்) வைத்திருப்பவர்கள் திரும்பி வரும் குழாயில் பொருத்தும் ஹீட்டரைப் பார்க்கலாம், பலன் அதேதான்.

சம்ப்பிலும் தொல்லை உண்டு. ஆவியாகிக் குறையும் தண்ணீர் முழுக்க சம்ப்பில்தான் குறைவாகத் தெரியும். ஹீட்டர் வெளியே தெரியும் அளவுக்கு மட்டம் இறங்கினால் ஆபத்து. அதனால் படுக்கை வாட்டில் அடியோடு வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் மேல்தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கும், அதற்கு சம்ப்பில் இடம் காலியாக இருக்க வேண்டும். பம்ப் நின்றால் சூடேறிய தண்ணீர் மேலே போகாது, அதனால் பம்ப் நிற்கும்போது ஹீட்டரும் நிற்கும்படி இணைத்திருக்கிறேன். வேலை அதிகம்தான். ஆனால் எல்லாமே எனக்கு வரும் தொல்லை, மீனுக்கு ஒன்றும் இல்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் கிடைத்தது. ஹீட்டரை எடுத்த கையோடு கட்டை, கல், குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மெல்லிய மணலும் தண்ணீரும் மட்டும். காலித் தொட்டியில் மீன் பயந்து ஒடுங்கும் என்று நினைத்தேன். ஆனால் சில வாரங்களில் அது மாலையில் தொட்டியின் முழு நீளத்துக்கும் நீந்த ஆரம்பித்தது. முன்பு திரும்பும்போதெல்லாம் எதிலாவது உரசும், மூக்கில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும். இப்போது மூக்கு வழவழப்பாக இருக்கிறது. நுனி தேய்ந்து குட்டையாகியிருந்த மீசை மீண்டும் நீண்டு வளர்ந்திருக்கிறது. கையை மேல்மட்டத்தில் வைத்தால் வந்து இரண்டு நீண்ட மீசையாலும் விரல்களைத் தடவிப் பார்க்கும். கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்லாமல் உடம்புத் தோலிலும் சுவை அறியும் மொட்டுகள் உண்டு. அது என் கையைத் தொடும்போதே சுவைத்தும் பார்க்கிறது. தீனி இல்லை என்று தெரிந்த பிறகும் சற்று நேரம் நிற்கும். அந்தச் சற்று நேரத்துக்காக நான் எவ்வளவு வேலையும் செய்வேன்.

வெப்பநிலை பற்றி இன்னொன்று. சூடு அதிகம் வைத்தால் மீன் சுறுசுறுப்பாக இருக்கும் என்று 30 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5தான். அதே சமயம் மீனின் உடல் அதிக ஆக்சிஜன் கேட்கும், அதிகம் தின்னும், அதிகம் கழிக்கும். அம்மோனியாவில் விஷமான பங்கும் சூட்டோடு கூடும். பெரிய மீனுக்கு 25, 26 போதும். தீனியும் அப்படித்தான்: வளர்ந்த மீனுக்கு வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. உயிருள்ள கோல்ட் ஃபிஷ் வேண்டவே வேண்டாம், ஒட்டுண்ணியும் வரும், தயாமின் (வைட்டமின் பி1) சத்தும் அழியும். தீனி போட்ட மறுநாள் தொட்டியில் பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மிரண்டால் தின்றதையெல்லாம் கக்கிவிடும், பிறகு தண்ணீரைச் சமாளிப்பது பெரும்பாடு.

சரி, நண்பருக்குப் பதில். அந்தக் கண்ணாடி ஹீட்டர் துல்லியமானது, நம்பகமானது, வாங்காதீர்கள். ஆறடித் தொட்டியில் சம்ப் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், வைக்கலாம். ஆனால் ஆறடித் தொட்டியின் அகலம் பெரும்பாலும் இரண்டடிதான். மீன் அந்த அகலத்தைத் தாண்டிய பிறகு திரும்பவே சிரமப்படும். அப்போது அதை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காது. ஆற்றிலோ குளத்திலோ விடவும் கூடாது, அங்கிருக்கும் மீன்களைத் தின்றுவிடும். என் மீனைப் போன்ற அழகான, ஆளை அடையாளம் காணும் மீனை நான் வேறு பார்த்ததில்லை. இருந்தாலும் நீங்கள் வாங்க வேண்டாம். தழும்பு மறைந்த பிறகு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ, இன்றைக்கு என் பதில் இதுதான்.