ஏ.ஏ. மீட்டிங் என்று சொல்லி ஃபீஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

நான் குடிநோயாளி. இப்போது நாலு மாதமாகத் தொடவில்லை. அதற்கு முன்னால், திருந்தப் போன இடத்தில் 43,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு உயிரையும் விட இருந்தேன், அந்தக் கதை இது.

டாஸ்மாக் மதியம் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். எனக்கு அதுவரை தாங்காமல், காலை ஏழு மணிக்கே பக்கத்துச் சந்தில் பிளாக்கில் வாங்கும் நிலைமைக்கு வந்திருந்தேன். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கும் குடிநோயாளிகள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு. ஒருநாள் எனக்கே வெட்கமாகி, போனில் 'ஏ.ஏ. மீட்டிங் வளசரவாக்கம்' என்று தேடினேன். முதலில் வந்த நம்பரை அழுத்தினேன். மேலே பொடி எழுத்தில் விளம்பரம் என்று போட்டிருந்ததை நடுங்குகிற கையோடு எவன் பார்ப்பான்? "ஆமா சார், ஏ.ஏ. க்ரூப்தான், ஞாயிற்றுக்கிழமை மீட்டிங், ரெஜிஸ்ட்ரேஷன் மூவாயிரம் ஜிபேல போட்டுடுங்க" என்றார் ஒரு பெண். போட்டேன்.

போரூர் தாண்டி ஒரு வீட்டு மாடி. கவுன்சிலர் என்று ஒருவர் வந்தார். எவ்வளவு குடிப்பேன், எத்தனை வருடமாக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே வேலை, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதா, சொந்த வீடா வாடகையா, இதுதான் கேள்வி. அப்புறம் என்னை விட்டுவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார். "மேடம், இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா சார் மறுபடி உங்க கைக்குக் கிடைக்க மாட்டார்." மூன்று மாதத்துக்கு அட்வான்ஸ் 40,000. அவள் மறுநாள் காலையில் செயினை அடகு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ரசீதில் 'நன்கொடை' என்று எழுதியிருந்ததை நாங்கள் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தோம்.

போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரே அறையில் எட்டுப் பேருக்குப் பாய். டாக்டர் எப்போது என்றால் 'வருவார்'. முதல் ராத்திரி வியர்வையும் நடுக்கமும், இரண்டாம் நாள் சாயங்காலம் எனக்கு வலிப்பு வந்துவிட்டது. பக்கத்துப் பாய்க்காரர் சொல்லித்தான் தெரியும், பீரோ சாவிக்கொத்தை என் கையில் திணித்துவிட்டு நின்றிருக்கிறார்கள், அதுதான் அங்கே கொடுத்த வைத்தியம். பயந்துபோய் வீட்டுக்குப் போன் செய்தார்கள், மனைவி ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அங்கே டியூட்டி டாக்டர் அவளைத்தான் முதலில் திட்டினார், தினமும் இவ்வளவு குடித்தவரை மருந்தில்லாமல் திடீரென்று நிறுத்தலாமா என்று. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாமாம், அதற்கடுத்த நாட்களில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, பிதற்றி, உயிரே போகலாமாம். பி1 வைட்டமின் ஊசி போட்டு, படிப்படியாகக் குறைக்கிற மாத்திரை கொடுத்துத் தேற்றினார்கள். இந்த மாதிரி மையங்கள் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். நாங்கள் சுவரில் சாமி படத்தைத்தான் பார்த்தோம், சர்டிஃபிகேட் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது அந்த மையத்து ஆள் சிரித்துக்கொண்டே ஒரு பவுடர் பொட்டலத்தை நீட்டினான். சாருக்குத் தெரியாமல் மேடம் சாம்பாரில் கலந்து கொடுக்கட்டும் என்றான். அதில் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது. டைசல்ஃபிராம் என்று, குடியோடு சேரவே கூடாத ஒரு மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் ஒருவன் குடித்தால் பிரஷர் இறங்கி ஆளே போய்விடலாம். ஆட்டோ முதுகில் இந்த மாதிரிப் பவுடர் விளம்பரம் ஒட்டியிருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நிஜ ஏ.ஏ. எப்படி என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் அண்ணன் சொல்லி, ஒரு சர்ச் வளாகத்துப் பள்ளி வகுப்பறைக்குப் போனபோது தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க நாற்பது வயசு ஆட்கள். முழுப் பேரோ ஊரோ யாரும் கேட்கவில்லை. டீ ஊற்றிய பெரியவர் என் கையை ஒரு தரம் பார்த்தார், பேப்பர் கப்பில் பாதிதான் ஊற்றினார். கடைசியில் பை சுற்றி வந்தது, ஐம்பது ரூபாய் எடுத்தேன், "முதல் தடவை வந்திருக்கீங்க, வேணாம் தம்பி" என்று அவரே தடுத்தார். 1935-ல் அமெரிக்காவில் ஒரு ஷேர் புரோக்கரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், சேர்ந்து ஆரம்பித்தது. குடியை விடணும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி, கட்டணம் கிடையாது, சொந்தமாக ஆஸ்பத்திரியோ மையமோ கிடையாது. ஏ.ஏ. பேரைச் சொல்லி 'அட்மிட் ஆகுங்க' என்று ஒருவன் சொன்னாலே அவன் ஏ.ஏ. இல்லை.

ஆனால் என்னைப் போல தினமும் குடித்தவர்கள் மீட்டிங்குக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள், ஏ.ஏ.காரர்கள் மருந்து தருகிறவர்கள் இல்லை. சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் நடக்கிறது, என் மனைவி போகிறாள், அங்கே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறோம், செயின் இன்னும் அடகில்தான். நேற்று சும்மா அதே வார்த்தைகளைப் போட்டுத் தேடிப் பார்த்தேன், அதே விளம்பரம்தான் முதலில் வருகிறது, நம்பரில் கடைசி இரண்டு எண் மட்டும் மாறியிருக்கிறது.