பெரிய ஜிசிப் ஃபைலும் ஸ்பார்க்கும்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

எங்களுக்கு வெளியிலிருந்து வரும் தரவு பெரும்பாலும் ஜிசிப்பில் (gzip) சுருக்கிய ஃபைல்தான். அதுவும் பல ஜிபிக்கு ஒரே ஃபைலாக. பெரிய தரவைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டு வேலை செய்யும் மென்பொருள் ஸ்பார்க். ஆனால் கிளஸ்டரில் (அந்தக் கணினிக் கூட்டத்தில்) எத்தனை கோர் இருந்தாலும் இந்த ஃபைலை அது ஒரே டாஸ்க்காகத்தான் படிக்கும். ஸ்பார்க் யூஐயில் (வேலை நிலவரம் காட்டும் திரையில்) 0/1, அதாவது இருக்கும் ஒரே டாஸ்க்கும் முடியவில்லை என்று நிற்கும். மற்ற எக்ஸிகியூட்டர்கள் (டாஸ்க்குகளை ஓட்டும் புராசஸ்கள்) சும்மா உட்கார்ந்து வாடகையை ஏற்றிக்கொண்டிருக்கும்.

காரணம் ஜிசிப்புக்குள் இருக்கும் டிஃப்ளேட் என்ற சுருக்கும் முறை. முந்தைய 32 கேபி வரை திரும்பிப் பார்த்து, 'அங்கே இருந்ததையே இங்கேயும் போடு' என்று எழுதிக்கொண்டே போகும். நடுவில் குதித்தால் திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. பிளாக் எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமும் கிடையாது. பிசிப்2 (bzip2) என்ற இன்னொரு சுருக்கும் முறை இதில் தேவலை: ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் 314159265359 என்ற முத்திரை இருக்கும் (ஆமாம், பை எண்தான்). அதைப் பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் ஃபைல் படிக்கப் பயன்படுத்தும் ஹடூப் நிரல்கள் வெட்டிக்கொள்ளும். ஆனால் சுருக்கியதை விரிக்க ஆகும் நேரம் இருக்கிறதே, அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

நான் இன்றுவரை நம்புவது ஃபைலைத் துண்டாக்கும் லினக்ஸின் ஸ்பிளிட் (split) கட்டளையைத்தான். ஃபைலை விரித்து அதற்குள் பைப் செய்து, ஃபில்டர் வசதி மூலம் ஒவ்வொரு துண்டையும் அப்போதே ஜிசிப் ஆக்கிவிடலாம். விரித்த ஃபைலுக்கு டிஸ்க்கில் இடம் தேட வேண்டாம். துண்டின் அளவைச் சொல்ல சின்ன பி (-b) கொடுத்தால் வரி நடுவில் அறுந்துவிடும், பெரிய சி (-C) கொடுங்கள். மேக்கில் வரும் ஸ்பிளிட்டில் ஃபில்டர் இல்லை, குனு பதிப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சிஎஸ்வியாக இருந்தால் இன்னும் கவனம். தலைப்பு வரி முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும். ஹெடர் உண்டு என்று ஸ்பார்க்கிடம் சொன்னால், மற்ற ஒவ்வொரு துண்டிலும் முதல் தரவு வரியைத் தலைப்பென்று நினைத்து விழுங்கிவிடும். எரர் வராது, எண்ணிக்கையை ஒப்பிட்டால்தான் தெரியும். தலைப்பை முதலிலேயே நீக்கிவிட்டு ஸ்கீமாவை (பத்திகளின் பெயரும் வகையும்) கையால் கொடுப்பதே நல்லது. மேற்கோள் குறிக்குள் புதுவரி வரும் தரவு என்றால் வரிக்கணக்கில் வெட்டவே வெட்டாதீர்கள்.

நீல்ஸ் பாஸ்ஜெஸ் எழுதிய ஸ்பிளிட்டபிள்ஜிசிப் கோடெக்கையும் (ஒரே ஜிசிப் ஃபைலைப் பல டாஸ்க்குகள் படிக்க உதவும் நிரல்) பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு டாஸ்க்கும் ஃபைலை ஆரம்பத்திலிருந்தே விரித்து, தன் பங்கு வரும்வரை உள்ளதைத் தூக்கிப் போடும். கேட்கவே வீண்வேலை மாதிரி இருக்கிறதல்லவா? வீண்தான்! பத்துப் பங்கு என்றால், பத்துப் பங்கு விரிக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்து பங்கு (1+2+...+10) விரிக்கிறோம். விரிப்பதைவிட அதன்பின் வரும் கணக்குதான் கனமானது என்றால் இது பிழைக்கும். வெறுமனே வடிகட்டி எண்ணுவதற்கு இதைப் போட்டால் பில்தான் ஏறும்.

அதே ஃபைலை மறுபடி படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த இரண்டும் வேண்டாம். ஒரே ஒரு தடவை மெதுவாகப் படித்து, ரீபார்ட்டிஷன் செய்து (பல பங்காகப் பிரித்து), பார்க்கே (Parquet) என்ற ஃபைல் வடிவில் எழுதி வைத்துவிடுங்கள். பார்க்கே உள்ளே துண்டு துண்டாகச் சுருக்குவதால் சுருக்க ஸ்னாப்பியோ ஜிசிப்போ எதைப் போட்டாலும் பிரித்துப் படிக்கலாம்.

சிலர் இப்போது இசட்ஸ்டாண்டர்டு (Zstandard) என்ற சுருக்கும் முறைக்கு மாறச் சொல்கிறார்கள். வேகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெறும் டெக்ஸ்ட்டை ஒரே ஃபைலாகச் சுருக்கி அனுப்பினால், யூஐயில் மறுபடி அதே 0/1தான்.