சைக்கிளுக்கு ஒரு பின்விளக்கு, ஒரு கண்ணாடி, ஒரு பெல்: 5 மாதம் ஓட்டிய பிறகு

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்விளக்கு 420 ரூபாய், ஹேண்டில்பாரில் மாட்டும் கண்ணாடி 230, பெல் 70. மூன்றையும் போன செப்டம்பரில் ஒரே கடையில் வாங்கினேன். கம்பெனிப் பெயர் கேட்காதீர்கள். விளக்கின் மேல் அச்சடித்திருந்த பெயர் ரெண்டாவது மாதமே துடைத்துத் துடைத்து அழிந்துபோனது. கண்ணாடிக்கும் பெல்லுக்கும் ஆரம்பத்திலிருந்தே பெயர் கிடையாது. இந்த மாதிரிச் சரக்கு எல்லா சைக்கிள் கடையிலும் தொங்குகிறது, பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் பிழைப்பு என்னவென்றும் சொல்லவேண்டும். நான் ஸ்கூல் வேன் டிரைவர், 16 வருடமாக. ஊர் மதுரை. வேன் நிற்கும் ஷெட் சிம்மக்கல் பக்கம், வீடு ஐராவதநல்லூர். போன வருடம் சர்க்கரை ஏறி, டாக்டர் தினம் நடக்கச் சொன்னார். நடக்க நேரம் ஏது? பைக்கை மகனிடம் கொடுத்துவிட்டு, மச்சினன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்த 22 இஞ்ச் சைக்கிளை ஓவராயில் செய்து எடுத்துக்கொண்டேன். காலை 5.20-க்குக் கிளம்பினால் தெப்பக்குளம், காமராஜர் சாலை, முனிச்சாலை, நெல்பேட்டை, யானைக்கல் என்று 5.50-க்கு ஷெட்டில் இருப்பேன். ஒரு மணி நேரம் கழித்து அதே காமராஜர் சாலையில் மஞ்சள் வேனோடு திரும்பி வருவேன், பிள்ளைகளை ஏற்ற. ஆக, 6 மணிக்கு முன்னால் நான் திட்டு வாங்குகிறவன், 7 மணிக்குத் திட்டுகிறவன்.

விளக்கு வாங்கத் தோன்றியது ஒரு லோடு ஆட்டோவால். முனிச்சாலைக்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் இருட்டாக இருந்த நேரம், முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி உரசுகிற மாதிரிப் போனது. கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அதே வார்த்தையை, அதே ராகத்தில், அதே இடத்தில் நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்!

சரி, விளக்குக்கு வருவோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ரப்பர் வார் போட்டு சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயில் கட்டச் சொல்கிறார்கள். கட்டினேன். மறுநாள்தான் ஒன்று புத்தியில் பட்டது. கேரியரில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு விளக்கு தெரியவே தெரியாது, பைதான் தெரியும். இந்த விளக்கைச் செய்தவர்கள் கேரியர் இல்லாத கியர் சைக்கிளை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். நம் ஊரில் கேரியர் இல்லாத சைக்கிளில் யார் வேலைக்குப் போகிறார்கள்? பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, கேரியரின் பின்கம்பியில் வைத்து இறுக்கிக் கட்டினேன். இப்போது பையும் இருக்கிறது, விளக்கும் தெரிகிறது. வாங்குகிறவர்கள் முதல் நாளே இப்படிச் செய்துவிடுங்கள்.

அணையாமல் எரிவது, மெதுவாக மின்னுவது, படபடவென்று மின்னுவது என்று மூன்று விதம். எது நல்லது என்று கடைக்காரரைக் கேட்டால், "எல்லாமே சூப்பர்ண்ணே" என்றார். அதனால் நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன், வேன் ஓனரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, மச்சினனைச் சைக்கிளில் ஏற்றி, விரகனூர் போகும் ரோட்டில் வெளிச்சம் குறைந்த ஒரு துண்டில் முன்னால் போகச் சொன்னேன். "மாமா, பார்த்து வாங்க, அக்காவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றபடி போனான்.

விளக்கு இல்லாமல், வேனில் லோ பீம் போட்டு வந்தபோது அவன் எனக்குத் தெரிந்தது ஒரு மின்கம்ப தூரத்துக்கும் உள்ளேதான். இறங்கி அடி வைத்து அளந்தேன், ஏறக்குறைய 25 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் வேன் விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். சைக்கிள் 15-இல் போனால் விநாடிக்கு 4 மீட்டர். இடைவெளி விநாடிக்கு 7 மீட்டர் சுருங்குகிறது. ஆக, அவனைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு மூன்றரை விநாடிதான். அதில் ஒரு விநாடி "அது என்ன" என்று புரிவதற்கே போய்விடும். எதிரில் ஒரு பஸ் ஹை பீம் போட்டு வந்தால் அந்த 25 மீட்டரும் கிடையாது. விளக்கைப் போட்டதும் மூன்று கம்பத்துக்கு அப்பாலேயே சிவப்பு தெரிந்தது. சுமார் 90 மீட்டர், அதாவது 13 விநாடி. அந்த நேரத்தில் ஒரு டிரைவர் கியர் குறைத்து, கண்ணாடி பார்த்து, வலப்பக்கம் ஒதுங்கி இடம் விட்டு, பாட்டையும் மாற்றிவிடலாம். 420 ரூபாய்க்கு 10 விநாடி கிடைக்கிறது என்றால் எனக்கு இது மலிவுதான்.

ஆனால் அந்தச் சோதனையில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. அணையாமல் எரிகிற சிவப்பு விளக்கைத் தூரத்திலிருந்து பார்த்தபோது என் மூளை அதை பைக் என்று எடுத்துக்கொண்டது. முன்னால் போவது என் மச்சினன் என்று தெரிந்தும்! பைக் என்றால் அதுவும் 40-இல்தான் போகும், நெருங்க நேரமாகும் என்று கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு வரவில்லை. திடீரென்று சிவப்பு பெரிதாகிவிட்டது. படபடவென்று மின்னும்போது சைக்கிள் என்று உடனே புரிகிறது, ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. மெதுவாக மின்னுவதுதான் எனக்கு ஒத்துவந்தது.

இன்னொன்று. பெடலின் ஓரத்தில் மஞ்சளாகச் சின்ன ரிஃப்ளெக்டர் இருக்குமே, மச்சினன் சைக்கிளில் இடப்பக்கப் பெடலில் மட்டும் ஒன்று மிச்சம் இருந்தது. வேன் வெளிச்சம் பட்டதும் அது மேலும் கீழும், மேலும் கீழும் போனது. அதைப் பார்த்த நொடியே, யோசிக்காமலே, "மிதிக்கிறான், மெதுவாகத்தான் போவான்" என்று கால் பிரேக்குக்குப் போனது. விளக்கு 'இங்கே யாரோ' என்கிறது. பெடல்தான் 'சைக்கிள்காரன்' என்கிறது. சார்ஜும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். புது சைக்கிள் வாங்கினவர்கள் அழகுக்காக அதைக் கழற்றாதீர்கள்.

சார்ஜைப் பற்றி: அட்டையில் 20 மணி நேரம் என்று போட்டிருந்தது. எனக்கு 9 நாள் வருகிறது, காலையில் மட்டும் அரை மணி நேரம் போட்டால். கணக்குப் போட்டால் நாலரை மணி நேரம். அட்டைக்கும் நமக்கும் அவ்வளவு இடைவெளி. போன் சார்ஜரிலேயே ஏறிவிடுகிறது என்பது ஒரு சௌகரியம். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் டைனமோ இருந்தது. டயரில் உரசி ஓடும், மிதிக்கக் கனமாக இருக்கும், நின்றால் விளக்கும் நின்றுவிடும். சிக்னலில் நிற்கும்போதுதானே பின்னால் வந்து இடிப்பார்கள்! அந்தத் தொல்லை இதில் இல்லை.

மழையில் மட்டும் கோட்டை விட்டது. ஐ.பி.எக்ஸ். 4 என்று அச்சடித்திருந்தது, அதாவது எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்குமாம். மேலிருந்து பெய்யும் மழையை அது நன்றாகவே தாங்கியது. மட்கார்டுக்குக் கீழிருந்து டயர் அள்ளி அடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் சார்ஜ் போடும் துவாரத்தை மூடும் ரப்பரைக் கிளப்பி உள்ளே போய்விட்டது. நவம்பரில் ரெண்டு நாள் தொடர் மழைக்குப் பிறகு விளக்கு தானாக எரிந்தது, அணைக்கவே முடியவில்லை. கடைக்கு எடுத்துப் போனேன். "மழையில கொண்டுபோனீங்களாண்ணே?" என்று கேட்டார். ரோட்டில் ஓட்டுகிற சைக்கிளுக்கு வாங்கினேன் என்றேன். முணுமுணுத்துவிட்டு வேறொன்று கொடுத்தார், 100 ரூபாய் வாங்கிக்கொண்டு. அதன் மூடியின் மேல் இப்போது இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். பிரச்சினை இல்லை.

கண்ணாடிதான் மூன்றிலும் உருப்படி. இதை வாங்கும் எண்ணமே இல்லை, கடைக்காரர் தலையில் கட்டினார். அவருக்கு நன்றி.

கண்ணாடி இல்லாமல் சைக்கிளில் பின்னால் பார்க்கவேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பவேண்டும். கழுத்து வலப்பக்கம் திரும்பினால் தோளும் திரும்பும், தோளோடு ஹேண்டிலும் திரும்பும். சைக்கிள் ஒரு அடி ரோட்டுக்குள் வந்துவிடும். வேனில் உட்கார்ந்துகொண்டு 16 வருடமாக இதைப் பார்த்து, "திடீர்னு குறுக்கே வர்றான் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவன் குறுக்கே வரவில்லை. நான் வருகிறேனா என்று பார்த்திருக்கிறான்.

அதேபோல "ஓரமாப் போ" என்று ஹாரன் அடிப்பதும். ஓரத்தில் என்ன இருக்கிறது என்று வேன் சீட்டிலிருந்து தெரியாது. மணல் இருக்கிறது, சாக்கடை மூடி துருத்திக்கொண்டிருக்கிறது, தள்ளுவண்டி நிற்கிறது, நிறுத்தின காரின் கதவு எந்த நேரமும் திறக்கலாம். மணலில் முன்சக்கரம் ஏறினால் சைக்கிள் சறுக்கும், வலப்பக்கம் விழுந்தால் பஸ்ஸுக்கு அடியில்தான். நான் இப்போது ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளித்தான் போகிறேன். இதற்கு ஹாரன் வாங்குகிறேன். வாங்கிக்கொள்கிறேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, பின்னால் இருப்பது பெரிய வண்டி, எனக்குப் பக்கத்தில் ஓரம் நன்றாக இருக்கிறது என்றால் இறங்கி வழி விடுவேன். இல்லையென்றால் இல்லை.

கண்ணாடியில் எனக்கு அதிகம் பயன்படுவது ஷேர் ஆட்டோ பார்க்க. முந்திப் போனதும் இடப்பக்கம் ஒடித்து நிறுத்துவார்கள், ஆள் ஏற்ற. முன்பெல்லாம் முந்திய பிறகுதான் தெரியும். இப்போது பின்னால் வரும்போதே உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம். நிறைந்து வழிந்தால் நேரே போய்விடும். ரெண்டு பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அடுத்து யாராவது நிற்கும் இடத்தில் என் மூக்குக்கு முன்னால் நிற்கப்போகிறது. நான் மிதிப்பதை நிறுத்திவிடுவேன். ஆட்டோக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பிழைப்பு அது. எனக்கு ரெண்டு விநாடி முன்னால் தெரிந்தால் போதும்.

குறைகள் உண்டு. இது குவிந்த கண்ணாடி, அதனால் வண்டிகள் சின்னதாக, தூரத்தில் இருக்கிற மாதிரித் தெரியும். பழக ஒரு வாரம் ஆகும். முதல் வாரம் அதை நம்பி வலப்பக்கம் திரும்பவேண்டாம். நெல்பேட்டை பக்கம் ரோடு கொஞ்சம் மோசம், அங்கே கண்ணாடி நடுங்கி ஒரு பஸ் மூன்று பஸ்ஸாகத் தெரியும். அப்புறம், அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிசம்பரில் மல்லிகை மூட்டை கட்டிய மொபெட் ஒன்று என்னை முந்தும்போது மூட்டை இடித்து மடங்கிவிட்டது. நல்லவேளை, உடையாமல் மடங்குகிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். பூக்காரர் திரும்பிப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கண்ணே, டைம் ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். காலையில் மல்லிகை காத்திருக்காது, அது வாஸ்தவம்தான்.

பெல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடந்து போகிறவருக்குக் கேட்கும், ஆட்டுக்குக் கேட்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருக்கும் காருக்குக் கேட்காது. பாட்டு வைத்திருக்கும் ஆட்டோவுக்கும் கேட்காது. இந்த 70 ரூபாயைப் பிரேக் கட்டைக்குச் செலவு செய்திருக்கலாம்.

மார்க் போடச் சொன்னால் விளக்குக்கு ஐந்துக்கு மூன்று, கண்ணாடிக்கு நாலரை, பெல்லுக்கு ஒன்று. கடைக்கு மூன்று. மாற்றிக் கொடுத்தாரே, அதற்காக.

வேன் பக்கம் ஒரு சின்ன மாற்றம். எங்கள் ரூட்டில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராகப் பேசிக்கொண்டே வருவார்கள். முன்பு ஹாரனிலேயே கையை வைத்திருப்பேன். இப்போது அவர்களைத் தாண்டும்போது என் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறேன். வேனின் அந்தக் கண்ணாடி உடம்பைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சைக்கிளில் போகும் பிள்ளையின் தலை உயரத்தில். டயர் உரசாமல் போகிறதா என்று மட்டும் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் பெடலுக்கு ரிஃப்ளெக்டர் கேட்டுக் கடைக்குப் போனேன். ரெண்டு பெடலுக்கும் முன்னும் பின்னுமாக நாலு, மிச்சமிருந்த ஒன்று போக எனக்கு வேண்டியது மூன்று. கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ரெண்டு எடுத்துக் கொடுத்தார், "இதெல்லாம் யாருண்ணே கேட்கிறாங்க?" என்றபடி. மூன்றாவது இடத்தில் வேனுக்கு ஒட்டியது போக மிச்சமிருந்த ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் சிவப்பு, மற்றதெல்லாம் மஞ்சள். மச்சினனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லையாம்.