எறியும் ராக்கெட்டா, திரும்பி வரும் ராக்கெட்டா? வருஷத்துக்கு எத்தனை நடை என்பதுதான் கணக்கு

பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலத்தையும் சேர்த்ததிலிருந்து சூரமங்கலத்தில் உள்ள எங்கள் லேத் பட்டறையில் ராக்கெட் பேச்சு அடிக்கடி வருகிறது. அந்த வேலையில் இறங்குவதென்றால் எதற்குத் தயாராவது என்று மச்சானும் நானும் ரொம்ப நாள் பேசி, ஒரு தடவை போய் அழிந்துபோகும் ராக்கெட்டின் பாகங்களுக்கே தயாராவது என்று முடிவெடுத்தோம்.

திரும்பி வரும் ராக்கெட் சாத்தியமா என்பது இப்போது கேள்வியே இல்லை. எலான் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்து ஃபால்கன் 9 ராக்கெட்டின் பூஸ்டர், அதாவது அடியிலிருந்து தூக்கிவிடும் முதல் நிலை, 2015 டிசம்பரில் தரையிறங்கியது, 2017 மார்ச்சில் ஒரு பழைய பூஸ்டரையே மறுபடி ஏவினார்கள், இன்று ஒரே பூஸ்டர் இருபது தடவைக்கு மேல் போய் வருகிறது. இனி பார்க்க வேண்டியது காசுக் கணக்கு மட்டும்தான்.

இறங்குவதற்கு எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும், கால்களைச் சுமக்க வேண்டும், அதனால் ஏற்றும் சுமை குறையும். எறிந்துவிடுவதென்றால் 22.8 டன் தூக்கும் ஃபால்கன் 9, திரும்பி வரும்போது 17, 18 டன் அளவில்தான் தூக்குகிறது. இரண்டாவது நடையிலேயே கணக்கு நேராகிவிடும், மூன்றாவதிலிருந்து லாபம் என்று 2020-இல் எலான் மஸ்க் சொன்னார். போட்டி நிறுவனமான யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸுக்கு அப்போது தலைவராக இருந்த டோரி புரூனோ, சராசரியாகப் பத்து நடை போனால்தான் கட்டும் என்றார். யார் சொன்னது சரியாக இருந்தாலும், அத்தனை நடைக்குச் சுமை எங்கிருந்து வரும்? சங்ககிரி லாரிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார், லோடு இல்லாமல் நிற்கிற வண்டிக்கும் தவணை கட்டியே ஆக வேண்டும் என்று.

2018-இல் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட் நிறுவனத்தின் தலைவர் அலெய்ன் சார்மோ இதை உடைத்தே சொன்னார். வருஷத்துக்குப் பத்து ஏவுதல்தான், ராக்கெட் பத்து தடவை பறக்கும் என்றால், வருஷத்துக்கு ஒரே ஒரு ராக்கெட் கட்டினால் போதும். அதைக் கட்டி முடித்ததும் தொழிலாளிகளிடம் அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். பட்டறைக்காரனுக்கு இது நன்றாகவே புரியும். ஒரு வளையத்துக்கு ஜிக் (பீஸைப் பிடித்துவைக்கும் அமைப்பு) செய்து, செட்டிங் போட்டு, முதல் இரண்டு பீஸ் அளவு தப்பி ஸ்கிராப்பில் போன பிறகுதான் கை படிகிறது. ஐம்பது பீஸ் ஓடினால் அந்தச் செலவு ஐம்பதாகப் பிரியும், ஒரே பீஸ் என்றால் மொத்தமும் அதன் தலையில்தான். எறியும் ராக்கெட்டில் ஒவ்வொரு ஏவுதலுக்கும் அதே பாகம் மறுபடி ஆர்டர் வரும், எங்களை மாதிரி சின்ன ஆட்கள் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

நம் நாட்டு நிலவரத்தைப் பாருங்கள். 2024-இல் இஸ்ரோ ஏவியது ஐந்து, அதுவும் பிஎஸ்எல்வி மூன்று, ஜிஎஸ்எல்வி ஒன்று, எஸ்எஸ்எல்வி ஒன்று என்று மூன்று வகை ராக்கெட்டாகப் பிரிந்து. அதே வருஷம் ஃபால்கன் 130-க்கு மேல் போனது, அதில் பெரும்பகுதி ஸ்பேஸ்எக்ஸின் சொந்த ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களுக்காக. அத்தனை நடைக்கான சுமையைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள், அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. தவிர, பிஎஸ்எல்வியின் முதல் நிலை திட எரிபொருளில் ஓடுகிறது, பற்றவைத்தால் அணைத்து மறுபடி மூட்ட முடியாது, அதனால் ஃபால்கன் மாதிரி இறக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பராமரிப்பும் சேர்ந்துகொள்ளும். திரும்பி வந்து மறுபடி பறக்கும் அமெரிக்க விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) வருஷத்துக்கு ஐம்பது தடவை பறக்கும் என்று கணக்குப் போட்டார்கள், அதிகபட்சமாகப் பறந்தது 1985-இல் ஒன்பது தடவை. இறங்கிய ஒவ்வொரு முறையும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வெப்பக் காப்பு ஓடுகளைச் சோதித்து, பழுதானதை மாற்றி, இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த நடை. கடைசியில் முப்பது வருஷத்தில் மொத்தம் 135 நடையோடு நின்றது.

முதல் நிலையைத் திரும்ப இறக்கும் வகையில் அடுத்த தலைமுறை ராக்கெட்டை உருவாக்க 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ஒதுக்கியது. அது வரட்டும், வரவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன், 30 டன் தூக்கும் வண்டியை ஒவ்வொரு தடவையும் கடலில் போடுவது கட்டாது. அப்போது தேய்மான பாகங்களை மாற்றும் வேலையும் கிளம்பலாம், ஆனால் அந்த வேலையில் எங்களுக்குக் கைப்பழக்கம் இல்லாததால் அது எவ்வளவு பெரிய தொழிலாகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏவுதல் வருஷத்துக்கு இருபதைத் தாண்டினால் மச்சானோடு மறுபடி உட்கார்ந்து பேசுவேன். அதுவரை, மெஷினுக்கு வாங்கும் கடன் திரும்பத் திரும்ப வரும் ஆர்டரை நம்பித்தான்.